உப்புத் தண்ணீரில் கான்கிரீட் போடலாமா? கடற்கரைக்கும் பாலாற்றங்கரைக்கும் ஓர் ஒப்பீடு

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்திலிருந்து கடற்கரை வேலைகளுக்குப் போகிற கொத்தனார்களும் மேஸ்திரிகளும் உண்டு. மீன் இறங்குதளம், தூண்டில் வளைவு, கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கட்டடங்கள் என்று வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போகிறார்கள். அங்கே அவர்களுக்கு இயல்பாகவே ஒரு கேள்வி வரும். "கட்டப்போறதே கடலுக்குள்ள. காலம் பூரா அந்தத் தண்ணியிலதான் நிக்கப்போகுது. அப்புறம் கலவைக்கு மட்டும் எதுக்கு சார் லாரியில நல்ல தண்ணி?"

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வீடு கட்டுகிறவர்களிடமும் இதே கேள்வி வேறு உருவில் இருக்கிறது. "எங்க போர்த் தண்ணி உப்பு. அதுலயே தளம் போட்டா என்ன ஆகும்?" கடல் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் தண்ணீரில் இருக்கிற குளோரைடு ஒன்றுதான், அது கம்பிக்குச் செய்கிற கெடுதலும் ஒன்றுதான். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் உப்பா, நல்லதா என்று கேட்பதற்கு முன்னால் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பி இல்லாத வேலையில் உப்புத் தண்ணீருக்கு ஓரளவு இடம் உண்டு. கம்பி உள்ள வேலையில் கிடையாது.

கடல் நீர் என்றால் எவ்வளவு உப்பு?

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் குளோரைடு மட்டும் ஏறத்தாழ 19 கிராம். சல்ஃபேட் 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம் அளவில் இருக்கும். நம் நாட்டில் கான்கிரீட்டுக்கு அடிப்படையான விதிநூல் ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், கலவைத் தண்ணீருக்கு வரம்பு வைத்திருக்கிறது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு வரை போகலாம். கம்பி இல்லாததற்கு 2,000 மில்லிகிராம். கடல் நீரில் இருப்பது 19,000. சல்ஃபேட்டிலும் இதே கதைதான். வரம்பு 400 மில்லிகிராம், கடல் நீர் அதைப் பல மடங்கு தாண்டுகிறது.

அதே விதிநூல் கடல் நீரைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. கலக்கவும், நீராற்றவும் (போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் க்யூரிங்) கடல் நீரைப் பரிந்துரைக்கவில்லை என்கிறது. வேறு வழியே இல்லாத நிலையில், கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு மட்டும், பாதகங்களை யோசித்து, பொருத்தமான சிமெண்ட்டைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்து வைக்கிறது.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். கடல் நீராக இருந்தால் தண்ணீர் வழியாக மட்டும் 3.8 கிலோ குளோரைடு உள்ளே போகும். கம்பி உள்ள கான்கிரீட்டில் மணல், ஜல்லி, சிமெண்ட், ரசாயனக் கலப்புகள் எல்லாவற்றிலிருந்தும் சேர்ந்து மொத்தமே 0.6 கிலோதான் இருக்கலாம். கம்பியை இழுத்துப் பிடித்துப் போடும் முன்னழுத்தக் கான்கிரீட்டுக்கு 0.4. கம்பியே இல்லாத கான்கிரீட்டுக்கு 3.0. அதாவது கொழகொழவென்று கலக்கிய கடல் நீர்க் கலவை, கம்பியில்லாத வேலைக்கான வரம்பையும் தாண்டிவிடுகிறது. அதற்குள் அடங்க வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் குறைந்தாலும் கலவையை இளக்கமாக வைக்கும் ரசாயனம்) போட்டுத் தண்ணீரைக் கன மீட்டருக்கு 150 லிட்டர் அளவுக்குக் குறைக்க வேண்டும். கடல் நீரைத்தான் பயன்படுத்துவேன் என்கிறவர், நல்ல தண்ணீரில் கலக்கிறவரைவிடக் கூடுதல் கட்டுப்பாட்டோடு கலக்க வேண்டியிருக்கிறது. சைட்டில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

கியூப் ரிசல்ட்டை நம்பி ஏமாற வேண்டாம்

கடல் நீரில் கலக்கிய கான்கிரீட் சீக்கிரம் இறுகும். முதல் சில நாட்களில் வலு கூடுதலாகவே காட்டும், ஏனென்றால் குளோரைடு சிமெண்ட்டின் வினையை முடுக்கிவிடுகிறது. 28 நாளில் நல்ல தண்ணீர்க் கலவையைவிடக் கொஞ்சம் பின்தங்கும். விதிப்படி, சந்தேகமான தண்ணீரில் போட்ட மூன்று கியூப்களின் (சோதனைக்காக வார்க்கும் கான்கிரீட் கனசதுரங்கள்) 28 நாள் சராசரி வலு, வாலைவடி நீரில் (டிஸ்டில்டு வாட்டர்) போட்டவற்றின் வலுவில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நம் ஊர் உப்புப் போர்த் தண்ணீர் இந்தச் சோதனையில் தேறிவிட நிறைய வாய்ப்பு உண்டு. தேறியதும், "டெஸ்ட்ல பாஸ், அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள்.

கியூபுக்குள் கம்பி கிடையாது. அது அழுத்தத்தைத் தாங்குமா என்றுதான் அந்தச் சோதனை சொல்லும். கம்பி எத்தனை வருடம் துருப்பிடிக்காமல் இருக்கும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அதனால் வலுச் சோதனையும் குளோரைடு அளவும் இரண்டுமே கையில் வேண்டும். ஒன்று தேறியதால் மற்றதைத் தள்ளிவிட முடியாது.

கம்பிக்கு என்னதான் நடக்கிறது?

நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை மிக அதிகம், பி.எச். அளவு 12.5-க்கு மேல் இருக்கும். அந்தச் சூழலில் கம்பியின் மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் உருவாகி அதைக் காக்கிறது. தண்ணீரும் காற்றும் உள்ளே வந்தாலும் அந்தப் படலம் இருக்கும்வரை துரு ஏறாது. குளோரைடு ஒரு அளவைத் தாண்டியதும் அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கிறது. கம்பி முழுவதும் ஒரே சீராகத் தேயாமல், குழி குழியாக அரிக்கப்படுகிறது. வெளியே ஒன்றும் தெரியாதபோதே ஒரு இடத்தில் கம்பி பாதியாகியிருக்கலாம்.

துரு, இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடம் எடுத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து தள்ளும்போது கம்பியின் ஓட்டத்திலேயே விரிசல் விழும், பழுப்புக் கறை தெரியும், தட்டினால் டொக்கென்று வெற்றோசை வரும், அப்புறம் காரை பெயர்ந்து விழும். வேலூர் மாவட்டத்துப் பழைய வீடுகளில் குளியலறைக் கூரையிலும் சன்ஷேடு அடியிலும் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர் காரணமில்லை. கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் கம்பியைச் சென்ட்ரிங் தகட்டின் மேலேயே படுக்கவிட்டதும் பல இடங்களில் காரணம். இரண்டும் சேர்ந்துவிட்டால் கட்டடத்தின் ஆயுள் விரைவாகக் கரையும்.

இப்போது மேஸ்திரியின் கேள்விக்கு வருவோம். கடல் எப்படியும் உள்ளே வரத்தானே போகிறது? வரும். ஆனால் எப்போது வரும் என்பதுதான் விஷயம். எம்40 என்ற உயர்ந்த வலுத் தரத்தில் அடர்த்தியாகப் போட்டு, 75 மில்லிமீட்டர் கவரும் (கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் கனம்) கொடுத்தால், வெளியிலிருக்கும் குளோரைடு அந்தக் கவரைக் கடந்து கம்பியைத் தொடப் பல பத்தாண்டுகள் ஆகலாம். கட்டடத்தின் உழைப்புக் காலம் என்பதே பெரும்பாலும் அந்தக் காத்திருப்புக் காலம்தான். கடல் நீரிலேயே கலக்கினால் குளோரைடு முதல் நாளே கம்பியை ஒட்டி உட்கார்ந்துவிடுகிறது. கவருக்குக் கொடுத்த செலவு முழுக்க வீண்.

இன்னொன்றும் உண்டு. எப்போதும் நீருக்கு அடியிலேயே மூழ்கியிருக்கும் பகுதியில் ஆக்சிஜன் குறைவு, அதனால் துருவும் மெதுவாகவே ஏறும். அலை அடித்து நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைகிற பகுதிதான் மிக மோசம். "கடலுக்குள்ள நிக்கிற தூணு" என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்ப்பது இதனால்தான் தவறாகிவிடுகிறது. தூணின் மேற்பகுதிதான் முதலில் உடையும்.

கடற்கரை வேலைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

கம்பியில்லாத பெரிய கான்கிரீட் கட்டைகள்தான் கடல் நீருக்கு ஏற்ற வேலை. அலைத்தடுப்பில் போடும் நான்கு கால் டெட்ராபாட்களை மும்பை மெரைன் டிரைவ் ஓரத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த வகைக் கட்டைகள் பொதுவாகக் கம்பியில்லாமல் தம் எடையாலேயே நிற்பவை. நல்ல தண்ணீர் வெகு தொலைவில் இருக்கிற தீவிலோ, திட்டிலோ இப்படி ஒரு வேலை வந்தால், கடல் நீரில் கலப்பதை நான் மறுக்க மாட்டேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் தீவுகளில் நல்ல தண்ணீர் இல்லாமல் கடல் நீரில் கலக்கித்தான் பல வேலைகளைச் செய்தார்கள்.

இந்த இடத்தில் ரோமானியர்களை இழுக்காமல் யாரும் விடுவதில்லை. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ஏரோது மன்னன் காலத்தில் இன்றைய இஸ்ரேல் கடற்கரையில் கட்டிய செசாரியா துறைமுகத்தின் கான்கிரீட் துண்டுகள் இன்றும் கடலுக்குள் கிடக்கின்றன. அவர்கள் கலந்தது சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும். அந்தக் கலவைக்குள் கடல் நீர் ஊடுருவ ஊடுருவப் புதிய தாதுப் படிகங்கள் வளர்ந்து அதை இன்னும் இறுக்கின என்று இந்த நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உண்மைதான். ஆனால் அவர்களிடம் நம்முடைய போர்ட்லாண்ட் சிமெண்ட் இல்லை, உள்ளே இரும்புக் கம்பியும் இல்லை. ரோமானியத் துறைமுகத்தைக் காட்டி இன்றைய தூணுக்குக் கடல் நீர் ஊற்றச் சொல்வது பொருந்தாது. அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் சாம்பலைப் பற்றியது: ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கலந்த பி.பி.சி. சிமெண்ட்டும், இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட்டும் கடல் வேலைக்கு ஓ.பி.சி. என்கிற சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட்டைவிட மேல். அவற்றில் துளைகள் நுண்மையாகி அடைபடுகின்றன, குளோரைடு உள்ளே நகர்வது மெதுவாகிறது.

சிமெண்ட் தேர்வில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். கடலில் சல்ஃபேட் இருக்கிறது, ஆகவே சல்ஃபேட்டைத் தாங்கும் சிமெண்ட் வாங்குவோம் என்று நினைப்பார்கள். அந்தச் சிமெண்ட்டில் ட்ரைகால்சியம் அலுமினேட் என்ற பகுதி வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கும். குளோரைடில் ஒரு பங்கைப் பிடித்து, ஃபிரீடல் உப்பு என்கிற கரையாத பொருளாகக் கட்டிப்போடுவது அதே பகுதிதான். அதைக் குறைத்தால் சல்ஃபேட்டுக்கு நல்லது, ஆனால் கம்பியைத் தாக்கத் தயாராக அலையும் குளோரைடு கூடிவிடும். இரண்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் அந்தச் சிமெண்ட்டை விதிநூலும் பரிந்துரைக்கவில்லை. கம்பி உள்ள கடல் வேலைக்கு ஸ்லாக் சிமெண்ட் என்பதே என் தேர்வு.

அடுத்த வழி, கம்பியையே மாற்றுவது. கண்ணாடி இழைக் கம்பி துருப்பிடிக்காது, அதனால் கடல் நீரில் கலக்கிய கான்கிரீட்டோடும் சேரலாம் என்ற எண்ணத்தில் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எனக்கும் இதில் நம்பிக்கை உண்டு, எதிர்காலத்தில் கடற்கரைக்கு இது பெரிய உதவியாக வரலாம். ஆனால் இன்றைக்கு நம் சைட்டுக்கு என்று கேட்டால் தயங்குவேன். அந்தக் கம்பியைச் சைட்டில் வளைக்க முடியாது, வளைவுகளை ஃபாக்டரியிலேயே செய்து வர வேண்டும். இரும்பைவிடப் பல மடங்கு எளிதாக நீளும், அதனால் தளம் அதிகம் தொய்யும், டிசைனை முதலிலிருந்து மாற்ற வேண்டும். முறிவதற்கு முன் இரும்பு வளைந்து எச்சரிக்கும், இது எச்சரிக்காது. தீயிலும் பலவீனம். இரும்புக்குப் போட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு அதே எண்ணிக்கையில் இதைக் கட்டினால் ஆபத்து. அனுபவமுள்ள ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் கணக்குப் போட்டுக் கொடுத்தால் மட்டுமே இதைத் தொட வேண்டும்.

பூச்சுக் கம்பி வேறு விஷயம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய சிமெண்ட் பாலிமர் பூச்சு முறை நம் நாட்டில் நன்கு அறியப்பட்டது. எபாக்சி பூச்சும் உண்டு. இவை நல்ல கான்கிரீட்டுக்குக் கூடுதல் காவல். கெட்ட தண்ணீருக்கு அனுமதிச் சீட்டாக இவற்றை நினைக்கக் கூடாது. கம்பி கட்டும்போது உரசிப் பூச்சு பெயர்ந்த ஒரு இடம் போதும், அரிப்பு அங்கேயே குவியும்.

ஆகக் கம்பி உள்ள கடல் வேலைக்கு மிஞ்சுவது நல்ல தண்ணீர்தான். லாரியில் கொண்டுவருவது பழைய வழி. சென்னைப் பக்கம் 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் கடல் நீரையே குடிநீராக்கும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. உப்பைப் பிரிக்கும் தொழில்நுட்பம் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பெரிய துறைமுக வேலைக்குச் சைட்டிலேயே ஒரு ஆர்.ஓ. அமைப்பு வைப்பது மொத்தச் செலவில் சிறு பங்குதான். சிறிய வேலைக்கு, கடலைவிட்டுத் தள்ளியுள்ள ஊரில் நல்ல தண்ணீரில் வார்த்து, நீராற்றி முடித்த பிரீகாஸ்ட் துண்டுகளை லாரியில் ஏற்றிப் போவது இன்னும் சுலபம்.

பாலாற்றங்கரைக்கு வருவோம்

இங்கே உப்பு எப்படி வந்தது என்பது ஊருக்கே தெரியும். பச்சைத் தோல் கெடாமல் இருக்கக் கல்லுப்பைத் தடவி வைப்பார்கள். டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) முதல் வேலையே அதை ஊறவைத்து அலசுவது. அந்த ஊறல் தண்ணீர் பல பத்தாண்டுகள் ஏரிகளிலும் பாலாற்று மணலிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்துகிறவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கைக்காக இன்றும் நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. ஆனால் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ.வும் ஆவியாக்கும் கலன்களும் வேண்டியிருந்தன. அதற்கு முன் மண்ணுக்குள் போனது போனதுதான். எல்லா உப்பையும் டேனரி தலையில் கட்டுவதும் நியாயமில்லை. நம் பாறை நிலத்தில் ஆழ்துளைத் தண்ணீர் இயற்கையாகவே பல இடங்களில் கடினமானது.

இதனால் ஒரு தெருவில் தண்ணீர் இனிக்கும், அடுத்த தெருவில் வாயில் வைக்க முடியாது. பக்கத்து வீட்டு ரிப்போர்ட்டை வைத்து உங்கள் தளத்தைப் போட முடியாது.

கையில் பிடித்துப் பார்க்கிற டி.டி.எஸ். மீட்டரும் போதாது. அது எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்கிறது. டி.டி.எஸ். 1,500 காட்டும் தண்ணீரில் குளோரைடு 300 இருக்கலாம், 700-ம் இருக்கலாம். முதலாவதில் தளம் போடலாம், இரண்டாவதில் கூடாது. குளோரைடு, சல்ஃபேட், பி.எச். மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பி.எச். 6-க்குக் குறையக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம், பொறியியல் கல்லூரி ஆய்வகங்கள், தனியார் ஆய்வகங்கள் என்று இதற்கு இடங்கள் இருக்கின்றன. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். மழைக்குப் பிறகு எடுத்த ரிப்போர்ட் நல்லதாகத் தெரியும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது உப்பு ஏறும், அதனால் வேலை நடக்கப்போகிற மாதத்துத் தண்ணீரைச் சோதியுங்கள்.

"குடிக்கிற தண்ணிதான், அப்போ கான்கிரீட்டுக்கும் சரி" என்று சொல்வது பெரும்பாலும் சரிதான், விதிநூலும் குடிநீர் பொதுவாகப் போதும் என்கிறது. ஆனால் நம் பகுதியில் ஒரு எச்சரிக்கை வேண்டும். குடிநீருக்கான தரநிலையில், வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 1,000 மில்லிகிராம் குளோரைடு வரை அனுமதி உண்டு. கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு 500 தான். நாம் பழகிப்போய்க் குடிக்கிற தண்ணீரைக் கம்பி தாங்காமல் போகலாம்.

ஒரு தளத்துக்கு எத்தனை லிட்டர்?

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் முடிவெடுப்பது மிகச் சுலபம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1,000 சதுர அடித் தளம், 5 அங்குலக் கனம். கான்கிரீட் சுமார் 11.8 கன மீட்டர் வரும். 200 லிட்டர் வீதம் கலவைக்குத் தேவையான தண்ணீர் ஏறத்தாழ 2,360 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்றில் கால் பங்குகூட இல்லை! அஸ்திவாரம், தூண், பீம், தளம் எல்லாம் சேர்த்து ஒரு சாதாரண வீட்டுக்கு 40 கன மீட்டர் என்று வைத்தாலும் 8,000 லிட்டர்தான். வீடு முழுவதற்குமான கலவைத் தண்ணீர் ஒரே லாரியில் அடங்குகிறது. தண்ணீர்ப் பஞ்சம் இருக்கிற ஊரில் நல்ல தண்ணீரைக் கான்கிரீட்டுக்கு ஊற்ற மனம் கேட்காது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கேட்பது ஒரு லாரிதான். அது காப்பாற்றப்போவது டன் கணக்கில் கம்பியையும் அதன் அடியில் படுத்துத் தூங்குகிறவர்களையும்.

லாரித் தண்ணீர் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். லாரி எந்தக் கிணற்றில் நிரப்புகிறது என்று கேளுங்கள். உங்கள் போரும் அந்தக் கிணறும் ஒரே ஊற்றில் இருந்தால் காசு கொடுத்து அதே உப்பை வாங்குகிறீர்கள். அதையும் ஒருமுறை சோதியுங்கள். நகராட்சிக் குழாயில் கூட்டுக் குடிநீர் வருகிற இடமாக இருந்தால், தளம் போடுவதற்கு முன்பே சில நாட்கள் சிந்தெடிக் டேங்கில் சேர்த்து வைப்பது எல்லாவற்றிலும் நம்பகமான வழி.

உப்புப் போர்த் தண்ணீரையும் நல்ல தண்ணீரையும் சம்ப்பில் கலந்து அளவைக் குறைக்கலாமா? கணக்குப்படி முடியும். 1,000 இருக்கும் தண்ணீரில் பாதியும் 100 இருக்கும் தண்ணீரில் பாதியும் சேர்த்தால் 550, வரம்புக்கு இன்னும் மேலேதான். மூன்றில் ஒரு பங்கு உப்பு, இரண்டு பங்கு நல்லது என்றால் 400. ஆனால் தளம் போடுகிற நாளில் மிக்ஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் குறைந்தால், யாரோ மோட்டாரைப் போட்டு விடுவார்கள். கலக்குவதாக இருந்தால் முந்தின நாளே கலந்து, அளந்து, மோட்டார் சுவிட்சைப் பூட்டிவிடுங்கள். என்னைக் கேட்டால் இந்த வழி வேண்டாம்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறுகிற கழிவுத் தண்ணீரைச் சைட்டுக்குத் திருப்பிவிடும் பழக்கம் சில இடங்களில் வந்திருக்கிறது. தண்ணீரைச் சேமிக்கும் நல்லெண்ணம்தான். ஆனால் போர்த் தண்ணீரிலிருந்த உப்பு முழுக்க அதில்தான் செறிந்திருக்கிறது. கம்பி உள்ள வேலையின் பக்கமே அது வரக் கூடாது.

ரெடிமிக்ஸ் வாங்குகிறவர்கள் எம்25-ஆ, எம்30-ஆ என்று மட்டும் கேட்கிறார்கள். பிளாண்ட்டின் தண்ணீர் சோதனை ரிப்போர்ட்டையும் கேளுங்கள். நல்ல பிளாண்ட்டில் தயங்காமல் காட்டுவார்கள். எம்-சாண்டையும் மறக்க வேண்டாம். குவாரியில் அதைக் கழுவிய தண்ணீர் உப்பாக இருந்தால், ஈரத்தோடு உப்பும் வரும். ஒரு கன மீட்டருக்குப் போகிற சுமார் 700 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் என்றால் 35 லிட்டர் தண்ணீர் நமக்குத் தெரியாமலே கலவைக்குள் போகிறது.

நீராற்றும்போது கெடுகிற தளங்கள்

கலவைக்கு நல்ல தண்ணீர் வாங்கிவிட்டு, மறுநாள் பாத்தி கட்டி உப்புப் போர்த் தண்ணீரை நிறுத்துவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். க்யூரிங்குக்கு எதுவும் ஆகும் என்ற நினைப்பு. லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் குளோரைடு உள்ள போர்த் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அதில் கலக்கினால் ஒரு கன மீட்டருக்கு 0.24 கிலோ குளோரைடு ஏறும். இப்போது 1,000 சதுர அடித் தளத்தின் மேல் 2 அங்குலம் அதே தண்ணீரை நிறுத்துங்கள், முதல் நிரப்புக்கே சுமார் 4,700 லிட்டர் பிடிக்கும். வேலூர் மே மாத வெயிலில் தினமும் 6, 7 மில்லிமீட்டர் ஆவியாகி, அதை ஈடுகட்டப் பத்து நாள் ஊற்றினால் மொத்தம் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் போகும். அதில் இருக்கிற குளோரைடு 12 கிலோ. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தளத்தின் மேலேயே தங்கும். வழிந்தது, கழுவிவிட்டது போக ஒரு பகுதிதான் உள்ளே இறங்கும். ஆனாலும் அந்த 12 கிலோவைத் தளத்தின் கனத்தால் வகுத்தால் கன மீட்டருக்கு ஒரு கிலோ. கலவையில் வந்ததைவிட நான்கு மடங்கு, மொத்த வரம்பான 0.6-ஐயும் தாண்டியது. புதிதாகப் போட்ட கான்கிரீட் நீரை உறிஞ்சுகிற பருவத்தில் இருக்கும்போது இது நடக்கிறது.

அதனால் க்யூரிங்குக்கும் கலவைக்கும் ஒரே தண்ணீர். செலவைக் குறைக்க வேண்டுமானால் பாத்தி கட்டுவதை விட்டுவிட்டு, ஈரச் சாக்கைப் பரப்பி அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட் மூடுங்கள். ஆவியாவது வெகுவாகக் குறையும், நல்ல தண்ணீரே கட்டுப்படியாகும். தூண்களுக்குச் சாக்கைச் சுற்றிக் கட்டுவது நம் ஊரில் பழகிய முறைதான். க்யூரிங் காம்பவுண்ட் தெளிப்பதும் சரியான மாற்று. பி.பி.சி. சிமெண்ட்டுக்கும் நம்முடைய வெயிலுக்கும் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காயக் கூடாது.

அப்படியானால் உங்கள் உப்புப் போர்த் தண்ணீருக்கு எங்கேயும் இடமில்லையா? 2,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கம்பியில்லாத வேலைகளுக்கு உண்டு. தோட்டத்து நடைபாதைக் கான்கிரீட், வேலிக்கு அடியில் போடும் கம்பியில்லாத கட்டு, சாலிட் பிளாக் வார்ப்பது போன்றவை. பூச்சு வேலைக்கு வேண்டாம். சுவரில் உப்புப் பூத்து, பெயிண்ட் உரிந்து வருடா வருடம் செலவு வைக்கும். அஸ்திவாரக் கம்பிக்கு நேர் கீழே போடும் பி.சி.சி.க்கும் (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) தவிர்ப்பேன், விதி தடுக்கவில்லை என்றாலும் ஈரத்தோடு உப்பு மேலே ஏறும் பாதையை நாமே அமைத்துக் கொடுக்க வேண்டாம்.

ஏற்கனவே உப்புத் தண்ணீரில் தளம் போட்டுவிட்டவர்கள் பதற வேண்டியதில்லை. துரு ஏற ஈரமும் ஆக்சிஜனும் வேண்டும். காய்ந்திருக்கிற கான்கிரீட்டில் அரிப்பு மிக மெதுவாகவே நடக்கும். மொட்டை மாடியில் நல்ல சரிவோடு ஓடு பதித்து நீர்க்கசிவைத் தடுங்கள், குளியலறையின் தாழ்ந்த தளத்தில் கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கம்பி ஓட்டத்தில் விரிசலோ, பழுப்புக் கறையோ தென்பட்டால் மேலே சிமெண்ட் பூசி மறைக்காதீர்கள். கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து அரிப்பைக் கணிக்கும் ஹாஃப் செல் சோதனை என்று ஒன்று உண்டு. காப்பர் சல்ஃபேட் மின்முனையை வைத்து அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டி இறங்கினால், அந்த இடத்தில் கம்பி அரிபட்டுக்கொண்டிருக்கப் பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பு. அப்படிக் காட்டுகிற இடங்களைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பின்பக்கம் வரை சுத்தம் செய்து, பூச்சு அடித்து, ரிப்பேர் மார்ட்டர் நிரப்ப வேண்டும். அந்த மார்ட்டர் கலக்கும் தண்ணீரும், அதை நீராற்றும் தண்ணீரும் குளோரைடு 500-க்குக் கீழே சோதித்ததாகவே இருக்கட்டும்.